இடைச்செருகல்

புதன்கிழமைகளில் புது இதழ் வரும்.
மார்க்கம் ரோட்டில் நகைக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே
ஒடுங்கிப்போன ஒரு கடை.
ஆறு மணிக்கு வாங்குவோம்.
ஆறேகாலுக்கு எதிரே டோனட் கடையில் சண்டை தொடங்கும்.

ஆங்கிலத்தில் அவனுக்கு வேறு பெயர்.
பள்ளிக்கூட பஸ்ஸில் நாங்கள் மூவரும் வைத்த பெயர் உப்பன்.
ஏரிக்கடியில் சுரங்கம் இடிந்து
உப்போடு உப்பாய் எழுந்து வந்தவன்.
குண்டு துளைக்காது, மழைக்கு மட்டும் நடுங்குவான்.
அறுபத்திரண்டு வருடமாய் அவனுக்கு வயது முப்பத்தொன்று.
முதலில் எங்களுக்கு அண்ணனாய் இருந்தான்,
கொஞ்சக் காலம் ஒத்த வயது,
இப்போது தம்பி.

அஜந்தன் பஸ் ஓட்டுகிறவன், நேரம் தவறாதவன்.
"ஹாலரன் எழுதின முதல் நூற்றிருபதுதான் மூலம்.
மிச்சமெல்லாம் இடைச்செருகல்"
என்று மேசையைத் தட்டுவான்,
ஏடு பார்த்துப் பதிப்பிக்கிற புலவர் மாதிரி.

"உன்ர ஹாலரன்ர உப்பன்
ஒரு நாளாவது பசியெண்டு சொன்னவனா?"
மிதுலா மருந்துக்கடை அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருப்பாள்.
"கொவால்ஸ்கி வந்துதானே அவனுக்கொரு குசினி குடுத்தவள்,
வாடகை குடுத்தவள், நோரீனைக் குடுத்தவள்.
மழை விடும்வரைக்கும் பஸ் தரிப்பில நிண்டானே
ஒரு இதழ் முழுக்க,
ஒரு அடி இல்லை, உதை இல்லை,
அதுக்குப் பக்கத்தில வருமா உன்ர நூற்றிருபது?"

"பஸ்ஸில ஏறியிருக்கலாம்."
"சில்லறை இல்லை அவனிட்ட!"
பக்கத்து மேசைக் கிழவர்
ஒவ்வொரு புதனும் இதே இடத்தில்தான் எழுந்து போவார்.

நான் நடுவில்.
எனக்கு எல்லாரையும் பிடிக்கும், அதனால்
என் பேச்சுக்கு மதிப்பில்லை.

ஆனால் ட்ரே என்று ஒருவன் வந்தான்.
561ஆம் இதழ், பத்தொன்பதாம் பக்கம்,
தங்கை நோரீனைக் கொன்றான்.
நாலு கட்டம், வசனம் இல்லை,
கடைசிக் கட்டத்தில் ஒரு சப்பாத்து.

அது இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்து இதழ்.
அந்த மாதம் ஒரு புதனும் நாங்கள் கடைக்குப் போகவில்லை.
கார்டினர் நெடுஞ்சாலையில் நின்றோம்,
கார்கள் அணைந்து கிடக்க,
தொண்டை கிழிய,
யாருக்குக் கேட்டதோ.

கடைக்காரன் மூன்று பிரதிகளை எடுத்து வைத்திருந்தான்.
ஜூனில் தந்தான், காசு வாங்கவில்லை.
அஜந்தன் தன்னுடையதை உறையிலிருந்து
இன்றுவரை எடுக்கவில்லை.
அவன் பெட்டியில் 560க்குப் பிறகு 562.
ட்ரே விற்பனைக்குத்தான் கொன்றான் என்கிறார்கள்.
பாவம், அவனுக்கென்ன தெரியும்
எந்த வீட்டில் எந்தக் கிழமையில் திறப்பார்கள் என்று.

பிறகு விட்லொக் வந்து அவளை எழுப்பினான்:
செத்தது அவளல்ல, உருவம் மாற்றிய வேறொருத்தியாம்.
உலகத்திலேயே சோம்பேறித்தனமான கதை.
போன புதன் மிதுலா அதில்தான் பிடித்தாள்.
"செத்தவளை இப்பிடி லேசாத் திருப்பிக் கொண்டு வந்தா
செத்ததுக்கு என்னடா விலை?
நீயே சொல்லு, நீதானே மூலம் மூலம் எண்டு கத்திறனி."

அஜந்தன் மேசையைத் தட்டவில்லை.
கோப்பை மூடியின் ஓரத்தை
நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தான்.
"வரட்டுமன்" என்றான்.
"கேவலமா எழுதினாலும் பரவாயில்லை.
வரட்டும்."

மிதுலா தன் டோனட்டில் பாதியை
அவன் பக்கம் தள்ளினாள்.
கொஞ்ச நேரம் ஒருவரும் எழுத்தாளர் பெயர் சொல்லவில்லை.

வெளியே உப்பு லொறி போனது,
தெருவெல்லாம் கரகரவென்று இறைத்தபடி.
"உங்கட ஆள் போறான்" என்றேன்.
சிரித்தார்கள், பழைய பகிடிதான்.

அடுத்த மாதம் சாஸ்கட்டூன்காரி ஒருத்தி எழுத வருகிறாளாம்,
இருபத்தாறு வயது.
"நோரீனை அவள் தொடக்கூடாது" என்றாள் மிதுலா.
"முதல்ல அந்த முகமூடியைத் திரும்ப நீலமாக்கட்டும்" என்றான் அஜந்தன்.
"அது எப்பவுமே கறுப்புத்தான்" என்றேன் நான்,
இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.