பிரிவு ஒன்பது

ராஸ் அல் கைமாவுக்கு மேலே, தார்ச்சாலை
மூச்சு வாங்கி நின்றுவிடும் இடத்தில்
ஆண்டுக்கொரு முறை நாங்கள்
கழுதை எண்ணப் போகிறோம்.

நாமக்கல்லில் படித்து
கோழிக்கும் கறவைக்கும் கைபழகி வந்தவளுக்கு
இங்கே தந்திருப்பது:
ஒரு பைனாகுலர், ஒரு பதிவேடு,
ஊசி எய்யும் துப்பாக்கி,
அபராதச் சீட்டுப் புத்தகம்.
அம்மா ஊரில்
குதிரை என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

பிரிவு மூன்று: இந்த மந்தைக்கு
உரிமையாளர் எவருமில்லை.
பிரிவு நான்கு: ஆகவே எவரும் பிடிக்கவோ,
கட்டவோ, சுமையேற்றவோ, விற்கவோ கூடாது.
பிரிவு ஒன்பது: குரல் கொடுத்து அழைப்பதும்
பிடிப்பதற்குச் சமம். இரண்டாயிரம் திர்ஹம்.

ஒன்பதை எழுதியது யாராயிருக்கும்?
ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியிருந்தாலும்
ஒருமுறையாவது ஒரு கழுதையைக்
கூப்பிட்டுப் பார்த்த ஆள்தான்.

பலூச்சி ஓட்டுநர் தாத் முகமது
கண்ணாலேயே எண்ணிவிடுவான்.
எனக்கு விரல் வேண்டும்.
ஆளில்லாத ஊர். கூரை போய்
இடுப்பளவில் நிற்கும் கல்வீடுகள்.
சுவருக்குச் சுவர் நிழலில் இரண்டு, மூன்று.
கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று
இவற்றுக்கு யார் சொன்னது?
கெட்டது ஊர்தான். கழுதைகள்
கொழுகொழுவென்று இருக்கின்றன.

கொழுப்புத்தான் சிக்கல்.
நூற்றெண்பதுக்கு மேல் இந்த மலை தாங்காதாம்.
நம்மூர் இலந்தைக்கு அண்ணன் முறையில்
ஒரு மரம் இங்கே உண்டு,
அதன் பட்டையைக்கூட உரித்துத் தின்கின்றன.
ஆகவே இரண்டு முறை ஈன்ற பெட்டைக்கு
வலத் தொடையில் ஊசி.
அடுத்த ஆண்டு சினை பிடிக்காது.
எய்யும்போது மூச்சை நிறுத்திக்கொள்வேன்.
பட்டதும் துள்ளும், திரும்பிப் பார்க்கும்,
முறைக்காது. அதுதான் கஷ்டம்.
ஈ கடித்ததுபோல் வாலை ஒருமுறை சுழற்றிவிட்டு
முள்ளைத் தின்னப் போய்விடும்.

கமீஸ் வந்தார், நஷ்டஈட்டு மனுவோடு.
ஏழு பேரீச்சங்கன்று, குருத்தோடு போச்சு.
பிக்கப் வாங்கிய வருஷம்
தன் கையாலேயே கயிறு அவிழ்த்து விட்டவர்.
"இதில் பாதி என் கழுதையின் பேத்திகள்.
என் கழுதை என் தோப்பைத் தின்றால்
நான் யாரிடம் போய்க் கேட்பது?"
படிவத்தைத் திருப்பிக் காட்டினேன்:
உரிமையாளர் என்ற கட்டத்தை
அச்சிலேயே அடித்துவைத்திருக்கிறது.

எழுந்தார். சுவர்ப்பக்கம் திரும்பி
நாக்கை அண்ணத்தில் ஒட்டி
க்ளக், க்ளக்,
பிறகு நீளமாக ஒரு ஹர்ர்ர்.
நான் பார்த்துக்கொண்டிருக்கவே
பிரிவு ஒன்பது மீறப்பட்டது.

நாற்பது காதுகள் நிமிர்ந்தன.
ஒரு குளம்பும் பெயரவில்லை.
பத்து நொடி இருக்கும்.
காதுகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

"உன் சட்டம் வேலை செய்கிறதம்மா"
என்று சிரித்தார் கமீஸ்.
சிரித்து முடித்த பிறகும்
அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.
வராத கழுதைக்கு எத்தனை திர்ஹம்?
சீட்டுப் புத்தகம் பையிலேயே கிடந்தது.
மனுவில் முத்திரை மட்டும் குத்தினேன்.

கணக்கு நூற்றெழுபத்தொன்பது.

இறங்கும்போது இருட்டிவிட்டது. வளைவில்
முகப்பு விளக்குக்கு ஏதோ மின்னியது.
இரவில் லாரிகள் மோதாமலிருக்க
கழுத்துக்கு நாங்கள் மாட்டிய பட்டை. எண் 112.
அறுந்திருக்கவில்லை, கொக்கி கழன்றிருந்தது.
ரத்தமில்லை. முடியில்லை. தேய்ந்த டயர்த்தடமில்லை.
தாத் முகமது டார்ச் அடித்துச்
சரிவெல்லாம் தேடிவிட்டுக் கைவிரித்தான்.

பதிவேட்டில் மூன்றே கட்டம்:
உயிருடன், இறப்பு, இடமாற்றம்.
112க்கு நேரே பேனாவை வைத்தபடி இருந்தேன்.

மேலே, இருட்டுக்குள் எங்கோ
ஒன்று கத்தியது,
எல்லாக் கழுதையும் கத்துவதுபோலத்தான்,
எண் எதுவும் சொல்லாமல்.