ஏழாவது வரி

டெல்ஃப்ட்டில் தென்கிழக்குக் காற்றின் மாதம்.
மணல் பல்லிடுக்கில் அரைபடுகிறது,
முகக்கவசத்துக்கு உள்ளேயும்.

ம்ஸோலிசி கதவைப் பாதிதான் திறந்தார்.
"நான்தான் முடித்துவிட்டேனே" என்றார்,
கடன் அடைத்தவன் வசூல்காரனிடம் சொல்வதுபோல.
ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல்.
குணம் என்று முத்திரையிட்ட அட்டையை
ரொட்டி டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார்.
ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை.

தெரியும் என்றேன். முடித்தவர்களைத்தான் தேடி வருகிறோம்.
ஒருமுறை இடம் கொடுத்த நுரையீரலின் விலாசத்தை
அது மறப்பதில்லை.
எனக்கே இரண்டு தடவை வந்தது என்றதும்
கதவின் மீதிப் பாதியும் திறந்தது.

இருமலா. காய்ச்சலா. இரவில் வியர்க்கிறதா.
எடை?
எடை விஷயத்தில் இந்த வீதியில் யாரும் நிஜம் சொல்வதில்லை.
நான் பெல்ட்டைப் பார்ப்பேன்.
அவருடையதில் ஆணியால் குத்திய புது ஓட்டை எதுவுமில்லை.
இருந்தாலும் ஒரு குப்பி கொடுத்தேன்,
முடித்தவர்களுக்கு அதுதான் விதி.

வீட்டில் எத்தனை பேர்?
படிவத்தில் ஆறு வரி.
அவர், நொலிதா, மகள், மகளின் கைக்குழந்தை, மகன் லுனாதி,
சனி ஞாயிறு மட்டும் வரும் தம்பி.
"அளவெடுத்த மாதிரி இருக்கிறதே" என்று சிரித்தார்.

திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"ரேடியோ" என்றார் ம்ஸோலிசி.
"ரேடியோதான்" என்றாள் நொலிதா.
ரேடியோ இன்னொரு முறை இருமி
எதையோ விழுங்கிக்கொண்டது.

நான் படிவத்தை மடியில் கவிழ்த்தேன்.
நான் போலீஸ் இல்லை, குடியேற்றத் துறை இல்லை,
பையில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் குப்பிகள்.
யாரும் பேசவில்லை. குழந்தை மட்டும்
தன் கட்டைவிரலோடு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தது.

பள்ளி விடுமுறையில் இருந்த லுனாதிதான் சொன்னான்:
"நான் படுக்கப் போகும்போது
என் தலையணை சூடாக இருக்கும்."

வொங்கானி. மலாவிக்காரர்.
இரவெல்லாம் டயர் கிடங்குக்குக் காவல்,
பகலெல்லாம் இந்தப் பையனின் கட்டில்.
ஒருவர் எழுந்த குழியில் மற்றவர் படுப்பார்.
வாடகை, மாதம் ஒரு மாவு மூட்டை.
திரையை விலக்கி வந்தவரின் பெல்ட்டில் எண்ணினேன்:
மூன்று ஓட்டைகள்.

சளி எடுப்பது வெளியில்தான், திறந்த காற்றில்.
வேலிப்பக்கம் திரும்பி நின்றார்,
சிறுநீர் கழிக்கப் போகிறவரின் கூச்சத்தோடு.
எச்சில் வேண்டாம், ஆழத்திலிருந்து என்றேன்.
காற்று என் முதுகில் படும்படி நின்றுகொண்டேன்.
பக்கத்து வீட்டுக் கொடியில் துணிகள்
ஒன்றையொன்று அறைந்துகொண்டிருந்தன.

ஆறாவது வரிக்குக் கீழே
என் அடையாள அட்டையின் விளிம்பை வைத்து
ஒரு கோடு கிழித்தேன்.
பெயர் எழுதினேன். வயது முப்பத்தொன்று.
உறவுமுறை என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"குடித்தனக்காரர்" என்றார் ம்ஸோலிசி.
"நண்பர் என்று போடுங்கள்" என்றாள் நொலிதா.
தலையணை என்று எழுதினேன்.

ஐந்தாம் நாள் முடிவுகள் வந்தன.
ம்ஸோலிசியின் குப்பியில் தடயம் இருப்பதாகச் சொன்னது இயந்திரம்.
அது செத்த கிருமியின் பெயரையும் வாசித்துவிடும்,
இறந்தவருக்கும் வரி நோட்டீஸ் அனுப்பும் அலுவலகம் போல.
வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும், ஆறு வாரம்.
கேட்டுவிட்டு அட்டையை அதன் இடத்தில் வைக்காமல்
கையிலேயே வைத்திருந்தார்.

வொங்கானியினுடையதில் இருந்தது
தடயமல்ல.

லுனாதிக்கு வியாழக்கிழமை எக்ஸ்ரே.
வாசல்வரை கூடவே வந்தான்.
"அவர் இனி எங்கே தூங்குவார்?"
நான் பையின் ஜிப்பை இழுத்தேன், மணலில் அது சிக்கிக்கொண்டது.
வேலியோரம் வெயிலில் தலையணையைக் காயப்போட்டிருந்தார்கள்,
பறந்துவிடாதபடி
மேலே ஒரு செங்கல்.