இரண்டாவது பிரேக்

பகலில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்.
என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.
பதினெட்டு வயதுக் கைகள் ஸ்டியரிங்கைக்
கழுத்தை நெரிப்பதுபோலப் பிடித்திருக்க
அதன்மேல் பாதத்தை வைத்தபடி இருப்பேன்,
அழுத்தாமல், எடுக்காமல்.

மாலை ஆறரைக்கு ஒத்திகை.
சசாவா ஆற்றங்கரையில் எங்கள் ஊர் உடற்பயிற்சிக் கூடம்.
மேடையில் தாண்டுகுதிரைகள் நிற்கின்றன,
கடைசி வாரம்தான் இடம் விடும்.
அதுவரை தரையில்.

தரை முழுக்கக் கோடுகள்.
கைப்பந்துக்கு வெள்ளை, கூடைப்பந்துக்குச் சிவப்பு,
எதற்கென்று யாருக்கும் நினைவில்லாத ஒரு நீலம்.
அவற்றின் மேல் என் மஞ்சள் டேப்:
இது சுவர், இது ஜன்னல், இது அம்மா செத்த கட்டில்.
"சோபா எங்கே முடிகிறது?" என்கிறார் ஓட்டகர்.
"சிவப்புக் கோட்டில்."
ஐந்து வாரமாகச் சோபாவுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறார்.

வெண்டுலா பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள்.
எல்லோரையும் வாயைத் திற திற என்பவள்
தன் வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறாள்.
சுவரொட்டியில் வெள்ளிக்கிழமை என்று அச்சாகிவிட்டது,
நாடகம் சனிக்கிழமை.
நூற்றிருபதையும் பேனாவால் திருத்தியவள் அவள்தான்
என்பதால் நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஒருநாள் இரண்டாம் அங்கத்தில் தீயணைப்புச் சங்கு ஊதியது.
ஊர்த் தொண்டர்கள் மூவர், நாடகத்தில் அண்ணன் தம்பிகள்,
பாகப்பிரிவினையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினார்கள்.
பக்கத்து ஊரில் யாருடையதோ புகைபோக்கி.
நாற்பது நிமிடத்தில் கரிநாற்றத்தோடு திரும்பி வந்து
சொத்துக்கு அடித்துக்கொண்டார்கள் பாருங்கள்,
அதற்கு முன் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.
தினமும் ஒரு வீட்டுக்குத் தீ வைக்க முடியுமா?

பிறகு, க்வெட்டொஸ்லாவும் பிளஜேனாவும்.
விவாகரத்தாகிப் பதினோரு வருடம்.
கணவன் மனைவி வேடத்துக்கு வேறு யாரைப் போடுவேன்,
அந்த வயதில் மனப்பாடம் நிற்கிறவர்கள்
ஊரிலேயே அந்த இரண்டு பேர்தான்.
"சாவியை வைத்துவிட்டுப் போ."
இதை அவர் அவளுடைய காலரிடம் சொல்கிறார்.
அவள் சுவரிலிருக்கும் ஸ்கோர் பலகையைப் பார்க்கிறாள்.
உள்ளூர் 0, விருந்தினர் 0.
கெஞ்சினேன். கத்தினேன்.
கண்ணாடியைப் பார், வளைவைப் பார், எதிரே வருகிற ஆளைப் பார்
என்று தொழில் பாஷையிலேயே கத்தினேன்.
வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கிறேன்,
அபராதச் சீட்டு வந்தபோதுதான் தெரிந்தது.

வியாழன். குதிரைகள் போய்விட்டன. உடைகளோடு ஒத்திகை.
மூன்றாம் அங்கம். சாவி மேசைமேல் விழுந்த நிசப்தத்தில்
பின்னறைக் கதவு தானாகத் திறந்து
ஒரு கைப்பந்து உருண்டு வந்தது,
அவசரமில்லாமல்,
மேடையின் இந்தக் கோடியிலிருந்து.
பிளஜேனா காலால் நிறுத்தினாள்.
க்வெட்டொஸ்லாவ் குனிந்து எடுத்து
இரண்டு கைகளாலும் நீட்டினார்.
அவள் பந்தைப் பார்த்தாள்.
பிறகு அதைப் பிடித்திருந்தவரை.
"போ" என்றார், வசனத்தில் பாதிதான்.
யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.
என் செருப்பு தரையில் பதிந்திருந்தது
கணுக்கால் வலிக்கும் அளவுக்கு.

நோட்டில் "பந்து?" என்று எழுதினேன்.
"சனிக்கிழமையும் பந்து இருக்கட்டுமா?"
"வேண்டாம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.
அடித்துவிட்டேன்.
அவர்கள் மறுபடி அப்படிப் பார்ப்பார்களா, தெரியாது.
கேட்கவும் இல்லை.

இங்கே மேடையேறுபவரைக்
"கழுத்தை முறித்துக்கொள்" என்றுதான் வாழ்த்துவார்கள்.
பதிலுக்கு நன்றி சொல்லக் கூடாது.
இருபத்திரண்டு வருடமாக
அது ஒன்று நடக்காமலிருக்கச் சம்பளம் வாங்குகிறவள்
ஒவ்வொருவர் காதிலும் அதையே சொல்லிவிட்டு வந்து
ஏழாவது வரிசையில் ஓர நாற்காலியில் உட்கார்ந்தேன்.

விளக்கு அணைகிறது. திரை.
ஓட்டகர் வருகிறார்,
சோபாவைச் சுற்றிக்கொண்டு வருகிறார்.
என் வலது கால் தேடுகிறது.
தரைதான்.
நீலக் கோடு ஓடுகிற வெறும் தரை.