இடதுகால் சப்பாத்து

அரியாலை கிழக்கில் கடல்
முழங்காலுக்கு மேல் ஏறுவது அபூர்வம்.
வற்றுக் காலத்தில் அதுவும் இல்லை.
வள்ளத்தைத் தள்ளிக்கொண்டுதான் தொழிலுக்குப் போவோம்,
ஸ்ரார்ட் ஆகாத காரைத் தள்ளுகிறவர்கள் மாதிரி.

அன்றைக்கு விடியப்புறம் நாலரை இருக்கும்.
பூநகரிப் பக்கமிருந்து ஒரு சத்தம்.
லொறி என்றால், அங்கே வீதி இல்லை.
ஹெலி என்றால், வானத்தில் வெளிச்சம் இல்லை.
வாடை, கொண்டல், சோளகம், கச்சான்
நாலு காற்றுக்கும் முகம் தெரிந்தவன் நான்.
இது கீழ்நோக்கி ஊதிற்று.
தண்ணீரைத் தண்ணீரிலிருந்து கிளப்பி
என் வாய்க்குள் போட்டது.

உப்பிய கறுப்பு ரப்பர்ப் பாவாடை,
முதுகில் இரண்டு விசிறி.
கடலில் வந்தது, சேற்றில் வந்தது,
கரை எங்கே தொடங்குகிறதென்று
ஓரிடத்திலும் நின்று கேட்காமல் வந்தது.
என் நாற்பத்திரண்டு தடியும் படுத்தன.
வலை பாவாடைக்குக் கீழே வலையாகப் போய்
பின்பக்கத்தால் நூலாக வந்தது.
கண்டல் பற்றைக்குப் பக்கத்தில் அது அமர்ந்து
வயிறு வற்றிப் பெருமூச்சு விட்டது.

தரையிறங்கும் பயிற்சியாம்.
குதித்தார்கள், பதினெட்டுப் பேர்.
முதலாவது ஆள் தொடைவரை போனான்.
இரண்டாவது ஆள் அவனைப் பிடித்து அவனும் போனான்.
இவ்வளவு தூரம் மிதந்து வந்தவர்கள்
நாலு பாகம் நடக்கத் தெரியாமல்
துவக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார்கள்.

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.
கிளாலிப் பக்கத்தால் இதே கடலைத் தாண்டிய இரவில்
இருமல்காரப் பிள்ளையென்று
அம்மா என் வாயைப் பொத்திய கை
இன்னும் எடுபடவில்லை.

கடற்றொழில் கந்தோரில் ஒரு படிவம் தந்தார்கள்.
பத்துக் கேள்வி ஓடியது.
பதினோராவது: மோதியது கலமா, வாகனமா?
இரண்டும் என்றேன்.
'இரண்டுக்கும் கீறு போட ஏலாது அண்ணை,'
என்றாள் நளாயினி, பேனையைக் கடித்தபடி.
'நடந்தது தண்ணியிலயா, தரையிலயா?'
வற்று நேரம் பிள்ளை, என்றேன்.
தரையென்றால் பொலிஸுக்குப் போகவேணுமாம்.
போனேன்.
'ரயர் இருந்ததா?'
இல்லை.
'ரயர் இல்லாததுக்குப் போக்குவரத்துப் பிரிவு என்ன செய்யிறது?'
அந்தப் பொலிஸ்காரரில் பிழையில்லை.
உண்மையாகத்தான் கேட்டார்.

அடுத்த கிழமை ஒரு நேவிப் பெடியன்
சைக்கிளில் வந்தான், தனியாக.
நெஞ்சில் கலப்பத்தி என்று தைத்திருந்தது.
மீசை வைக்கப் பார்த்து, மீசை சம்மதிக்காத முகம்.
'அண்ணே, சப்பாத்து ஒண்டு கண்டதா?
இடது. சேறு எடுத்தது.'
ஸ்ரோர் புத்தகத்தில் சோடியாக எழுதியிருக்கிறதாம்.
ஒன்றைக் காட்டினால் ஒன்றுமில்லாத கணக்காம்.
சம்பளத்தில் வெட்டுவார்களாம்.
அவனுக்கும் படிவம் இருந்தது.
நாலாய் மடித்த தாள், வியர்வையில் நனைந்து,
சிங்களத்தில்.
எந்தக் கேள்வியில் நிற்கிறதென்று கேட்க
எனக்குப் பாஷை போதவில்லை.

தெரியாது தம்பி, என்றேன்.
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
அவர்கள் வந்த வழியில் ஒரு கோடும் இல்லை.
தண்ணீர் முழுசாக இருந்தது.
'வியாழன் திரும்ப வாறம்,' என்றான் போகும்போது,
'வலை எடுத்து வையுங்கோ.'
அதைச் சொல்லச் சொன்னார்களா,
தானாகச் சொன்னானா தெரியாது.

சப்பாத்து எங்கே என்று எனக்குத் தெரியும்.
மூன்றாவது கண்டலுக்குத் தெற்கே, எட்டுப் பாகம்.
வற்றும்போது அதன் வாய் மட்டும் தெரியும்,
லேஸ் கட்டினபடி.
உள்ளே ஒரு நண்டு குடியிருக்கிறது.
சின்னன்.
வளரட்டும்.