அழுத்தம்: பதினொன்று

தங்கச்சி கண்ணாலத்தில் நான் படுக்கவில்லை.
நாத்தனார் சீருக்கும் படுக்கவில்லை.
"நீங்க தூங்குங்க, காயை நான் பார்த்துக்கறேன்" என்று
அருவாமணையோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பேன்.
பூங்கோதை மாதிரி வேலைக்காரி
இந்தப் பக்கத்துலயே இல்லீங்க என்று
ஒறம்பரை சனம் சொல்லிச் சொல்லி
அதுவே என் பேராகிவிட்டது.

ஆம்பளை விட்டால் அசதி.
பொம்பளை விட்டால்
மறுநாள் காப்பித் தம்ளரோடு ஒரு சிரிப்பு வரும்.
அதற்குப் பூசணிக்காயே தேவலை.

அவர்தான் ஒரு ராத்திரி உலுக்கினார்.
"நிக்குதுடி."
என்னங்க?
"உன்ற மூச்சு.
முப்பது வரைக்கும் எண்ணுனேன்.
அதுக்கு மேல எண்ணப் பயமா இருந்துச்சு."

அவருடைய அண்ணன் வைத்திருந்த மிஷின் ஒன்று
பெருமாநல்லூரில் பரணில் கிடந்தது.
அவர் போய் ஒரு வருசம்.
அக்கா துடைத்துக் கொடுத்தனுப்பினார்,
"சும்மாதானே கெடக்குது."
ஒன்பது ராத்திரி மாட்டினேன்.
ஒன்பது காலையிலும் அது
கட்டிலுக்கடியில் பாம்புபோல் சீறிக்கொண்டிருந்தது,
எப்போது கழற்றினேன் என்று தெரியாது.
பத்தாம் நாள் அவிநாசி ரோட்டில்
சிக்னல் பச்சையானதும்
ஸ்கூட்டியில் நான் மட்டும் போகவில்லை.

பீளமேட்டில் ஆஸ்பத்திரி.
தலையில் பசை, மாரில் பட்டை,
விரல் நுனியில் சிவப்பு வெளிச்சம்.
காலையில் காகிதம் வந்தது:
மணிக்கு நாற்பத்தேழு தடவை.

எனக்கு அது புரிந்தது.
இருபத்திரண்டு வருசமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறேன்.
பின்னல் மிஷினில் ஓர் ஊசி முறிந்தால் போதும்,
துணி நெடுக ஒரு கோடு இறங்கிக்கொண்டே போகும்.
விளக்கில் பிடித்தால் தெரியும்.
என் ராத்திரியை விளக்கில் பிடித்திருந்தார்கள்.
என் கைக்கு வந்திருந்தால்
ரிஜெக்ட் போட்டிருப்பேன்.

டாக்டர் சின்னப் பொண்ணு, பொறுமையாகப் பேசினார்.
"பஞ்சுத் தூசியில மூக்கு அடைச்சே கிடக்குது,
வாயைத் திறந்துதான் தூங்கறீங்க.
மூக்குக்கு மட்டும் மாட்டினா காத்து வாய் வழியா ஓடிரும்.
அதுவும் இது அவருக்குன்னு எட்டுல வெச்சது."
இன்னொரு ராத்திரி வரச் சொன்னார்.

பக்கத்து அறையில் ஒரு பையன்
ஆறில் ஆரம்பித்து
ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏற்றினானாம்.
நாலு மணி சுமாருக்குப் பதினொன்றில்
திரையில் கோடு சீராகப் படுத்துக்கொண்டதாம்.
சொல்லித்தான் தெரியும்.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுதிக் கொடுத்தார்.
பூங்கோதை செ., 46.
அழுத்தம் பதினொன்று.
மூக்கும் வாயும் மூடுகிற மாஸ்க், சின்ன அளவு.
ஈரக் காற்று.
பஸ்ஸில் நாலு தடவை படித்தேன்.
யார் யாருக்கோ எல், எக்ஸ்எல் என்று பார்த்துப் பார்த்துப்
பெட்டியில் போட்ட கை இது.

இஎஸ்ஐயில் இரண்டு முறை திருப்பினார்கள்.
முதல் தடவை சீல் இல்லை.
அடுத்த தடவை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து,
"உங்ககிட்டத்தான் ஒண்ணு இருக்குதேம்மா?"
இருக்குதுங்க சார். அது எட்டு.
"எட்டுக்கும் பதினொன்னுக்கும் என்னம்மா பெருசா?"
பனியன் தைக்கிற ஊரில்
அளவைப் பற்றி என்னிடம் கேட்கிறார்.
மூணுங்க சார், என்றேன்.
பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார்.

போன வாரம் தாராபுரத்தில்
நங்கையா மகன் கண்ணாலம்.
சேலைப் பை ஒரு கையில்,
மிஷின் பை இன்னொரு கையில்.
மண்டபத்தில் நுழைந்ததும் கேட்டேன்,
மேல் ரூமில் படுக்கையோரமா
பிளக் பாயிண்ட் எங்கிருக்குதுங்க?

நங்கையா என்னைப் பார்த்தார்.
மூலையில் குவிந்திருந்த பூசணிக்காயைப் பார்த்தார்.

"அப்ப காயை ஆரு அரியறது?"