ஆயிரம் லிட்டர்

லிமாவுக்குத் தெற்கே, மணல்குன்றின் மேல்
பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால்
என் தண்ணீர் லாரியை நிறுத்தச் சொன்னார்கள்.
எஞ்சினை அணை. ஹாரன் கூடாது. இருமக்கூட வேண்டாம்.
டாங்கியிலிருந்து கிளம்பிய ஹோஸ்
மணலுக்குள் புதைந்து, சுவரடியில் நுழைந்து,
அந்தப் பக்கம் பித்தளைக் குழாயாக எழுந்து நின்றது,
கழுத்தில் சிவப்பு வெள்ளை ரிப்பனோடு.

இங்கே மழை பெய்யாது.
கடல் அனுப்பும் மூடுபனி
தகரக் கூரைகளை நக்கிவிட்டுப் போகும், அவ்வளவுதான்.
பீப்பாய்க்கு ஐந்து சோல் வாங்குகிறேன் நான்.
கீழே, புல்வெளி வளர்க்கிற வீடுகளில்
அதே தண்ணீருக்கு அதில் கால்வாசியும் ஆகாது.
சனிக்கிழமை எதிரணிக்காரருக்கும் இதே லாரி, இதே ஹோஸ்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
நானும் யோக்கியனில்லை.

வேட்பாளர் பேச ஆரம்பித்தார்.
முகம் தெரியவில்லை, குரல் மட்டும்
சுவரேறிக் குதித்து வந்தது.
'தண்ணீர் என்பது உரிமை' என்றார்.
'தாகம் என்பது வரலாற்றின் தழும்பு' என்றார்.
தழும்பு என்ற இடத்தில் யாரோ கைதட்டி,
தப்பான இடமென்று தெரிந்து நிறுத்தினார்கள்.
கெச்சுவாவில் இரண்டு சொல் சொன்னார்,
இரண்டையும் உடைத்தார்.
வாய்ப்பந்தலுக்குக் கால் நட வேண்டியதில்லை,
அதனால்தான் இத்தனை அகலமாகப் போட முடிகிறது.
நிழல் மட்டும் விழாது.

ஐம்பது நிமிடம்.
பிறகு ரிப்பன். பிறகு பித்தளை கிரீச்சிட்டது.
பிறகு, என் தண்ணீர்.

நாற்பது நிமிடத்துக்குத்தான் இருக்கிறது என்று
முன்பே சொல்லியிருந்தேன்.
ஒரு கை அள்ளிக் குடிக்க, படமெடுக்க, மூட,
நாற்பது தாராளம் என்றார்கள்.

அப்போதுதான் நிகாசியா உவமானி
சுவர்த் திருப்பத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.
எனக்கு இரண்டு பீப்பாய்க் காசு தர வேண்டியவள்.
மணலில் புடைத்துக் கிடந்த ஹோஸைப் பார்த்தாள்,
லாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
கத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.
உதட்டில் விரல் வைத்துவிட்டு
ஹோஸை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.

அதன்பின் கேட்டது வேறு சத்தம்.
'ஐயா, என் குழந்தையோடு ஒரு படம்.'
'இன்னொன்று, இவள் கண்ணை மூடிவிட்டாள்.'
'அந்த வரலாறு, தழும்பு, அதை மறுபடி சொல்லுங்கள்.'
குழாயை மூட நீண்ட கையை
ஒருத்தி பிடித்து முத்தமிட்டாள்.
கைதட்டல் ஓயவில்லை.
அதற்கு அடியில், வாளி வாளியாக,
நீர் நிரம்பும் ஒலி தடித்துக்கொண்டே போனது.
நீர்மேல் எழுத்து என்பார்கள்.
எழுத்தை அவரிடமே விட்டுவிட்டு
நீரை மொண்டுகொண்டார்கள்.

டாங்கி ஒருமுறை ஏப்பம் விட்டது. குழாய் இருமியது.
'காற்றடைப்பு' என்றார் உதவியாளர் மைக்கில்,
'நாளைக்குச் சரியாகிவிடும்.'
எல்லோரும் மலர்ந்து தலையாட்டியிருக்க வேண்டும்.
ஒரு முணுமுணுப்பும் இல்லை.

இருட்டியதும் ஹோஸைத் தோண்டிச் சுருட்டினேன்.
பித்தளையைக் கழற்றி ஒருவன் பையில் போட்டுக்கொண்டான்.
வியாழக்கிழமை அடுத்த குன்று.
கூலியில் பாதியை எண்ணிக் கொடுத்தான்.
மீதி, ஜெயித்த பிறகு என்றான்.
சிரித்துத் தலையாட்டினேன்.
மொண்டுகொள்ள
என்னிடம் ஒரு வாளிகூட இல்லை.