மூன்று புள்ளி

என்னிடம் கார் கிடையாது.
ஓட்டவும் தெரியாது.
கோணவட்டத்தில், அதாவுல்லா பாயின் காயலான் கடையில்
முதல் தடவை குனிந்து பொறுக்கியபோது
'வண்டி எங்கம்மா நின்னுபோச்சு?' என்று
பதறி எழுந்து வந்தார்.
நிற்கவில்லை பாய், சும்மா பார்க்கிறேன் என்றேன்.
நான் பார்த்ததை
அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அன்று எடுத்தது ஒரு ரெட்டைவாய் ஸ்பேனர்.
எடைக்குத்தான் விலை. துருவையும் சேர்த்தே நிறுத்தார்.
சாப்பாட்டு மேசையில் இரண்டு நாள் வினிகரில் ஊறியது.
ஜெயசீலன் ரசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்.
மூன்றாம் நாள் பித்தளை பிரஷுக்கு அடியில்
எழுத்து கண் விழித்தது:
கால். பக்கத்தில் ஒரு டபிள்யூ.

வாயை அளந்தேன். கால் இஞ்ச் இல்லை,
அரையைத் தாண்டி ஒரு நூல்.
ஒரு வாரம் குழம்பிய பிறகுதான் பிடிபட்டது.
இந்தப் பழைய இங்கிலீஷ் ஸ்பேனரில் பொறித்திருப்பது
அதன் வாயின் அகலம் அல்ல,
அது கவ்வும் நட்டுக்குள் ஓடும்
போல்ட்டின் பருமன்.
தான் ஒருநாளும் தொடாத ஒன்றின் அளவை
தன் பேராகச் சுமந்து திரிகிறது.

அதோடு நிறுத்த முடியவில்லை.

எனக்கு ரத்த வங்கியில் வேலை.
பகலெல்லாம் கண்ணாடித் தகட்டில்
ஒரு சொட்டோடு இன்னொரு சொட்டு
சேருமா, திரியுமா என்று பார்ப்பவள்.
ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலைதான்:
பதிமூன்று ஏறாது, பதினாலு வழுக்கும்.
வழுக்குவதை அழுத்தித் திருகினால்
நட்டு, ஆறு மூலையும் போய், கூழாங்கல்.

ஆற்காட்டில் ஒரு ரிங் ஸ்பேனர்,
வாலாஜாவில் பழைய பேப்பர் கடையில்
தராசுத் தட்டுக்குச் சமன் வைத்திருந்த ஒன்று,
குடியாத்தத்தில் டாமி கம்பியோடு பாக்ஸ் ஸ்பேனர்.
ஏழு சேர்ந்தபோதுதான் கவனித்தேன்
எல்லாக் கழுத்திலும்
சென்டர் பஞ்ச்சால் குத்திய மூன்று புள்ளி,
அடுப்புக்கல் மாதிரி.
தேய்மானமெல்லாம் மறுபக்கம்.
இடதுகைக்காரர்.

அவருக்கு ஒரு மீசை வைத்தேன்.
காக்கிச் சட்டை, காதில் பீடி,
பெட்ஃபோர்டு லாரிக்கு அடியில் நீட்டிய கால்கள்.
பிறகு சாகடித்தும் விட்டேன்,
இல்லாவிட்டால் பெட்டி இப்படிச் சிதறியிருக்குமா?

பெருமுகையில் ஸ்கூட்டி பஞ்சரானது தற்செயல்.
பூங்காவனம் டயர் ஒர்க்ஸ்.
கம்ப்ரஸர், பச்சை பெயின்ட் உரிந்த சீமைச் சரக்கு.
அதன் தொங்கு கம்பியில் ஓர் அரை இஞ்ச்.
கழுத்தில் மூன்று புள்ளி.

யாருடையது என்றேன்.
'என்னுதுதான்.'
புள்ளி?
'நான்தான் குத்தனேன். லாரி ஷெட் ஏலத்துல எடுத்த செட்டும்மா.
இன்னா குத்தி இன்னா?
ஓசி வாங்கிட்டுப் போனவன் எவன் திருப்பிக் குடுத்தான்?
இது ஒண்ணுதான் மிச்சம். இந்த மெஷினுக்கு
வேற எதுவும் சேராது.'
சொல்லிக்கொண்டே இடது கையால் திருகினாள்.
காற்று சீறி அடங்கியது.

நான் டியூபுக்கான காசை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு
மடியில் பை கனக்க பெருமுகை பஸ்ஸில் போனேன்.
கிரீஸ் படிந்த பெஞ்சில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.
அவள் எதையும் கேட்கவில்லை.
கையில் எடுத்து, திருப்பி,
கழுத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவி வைத்தாள்.
'இன்னா இப்படிப் பளபளன்னு பண்ணி வெச்சிருக்க,
கை வழுக்குமே' என்றாள்.

ஆறு.
பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து,
'கால் இஞ்ச் ஒண்ணு இருக்கணுமே?'

தேடுகிறேன் என்றேன்.